சிலைக்குச் சாயம்: தோட்டத்து முனியாண்டி முதல் மேசைப் போர்வீரன் வரை

கெடாவின் தோட்டப்புறங்களில் முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மன், மாரியம்மன், ஐயனார் ஆகிய தெய்வங்களுக்குக் கோயில்கள் உண்டு. பல இடங்களில் அவை மரத்தடியில் நட்ட ஒரு கல்லாகவோ சூலமாகவோ தொடங்கி, பிறகு உருவச் சிலையாக வளர்ந்தவை. அந்தச் சிலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை அல்ல. செங்கல், கம்பி, சிமெண்டு, சுண்ணாம்புச் சுதை ஆகியவற்றால் செய்து சாயம் பூசியவை.

கல்லில் வடித்த மூலவருக்குச் சாயம் கிடையாது. எண்ணெயும் அபிஷேகமும்தான் அதற்குப் பூச்சு. சுதையின் நிலை வேறு. அதன் முகம், மீசை, கண், ஆடை, நகை எல்லாம் சாயத்தால்தான் உயிர்பெறுகின்றன. சாயம் சரியாக இருந்தால் சிலை பல ஆண்டுகள் நிற்கும். தவறினால் சாயமே சிலையைக் கெடுத்துவிடும்.

பொம்மை உருவங்களுக்குச் சாயம் பூசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர்கள் இன்று மலேசிய நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பூசுவது மேசை மேல் விளையாடும் கற்பனைப் போர் விளையாட்டுகளின் சிறு வீரர்களுக்கு. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத அந்த வீரனுக்கும் ஆள் உயர முனியாண்டிக்கும் வேலை முறை ஏறக்குறைய ஒன்றுதான். சுத்தம், அடிச்சாயம், நிறம், நிழல், ஒளி, கண், மேற்பூச்சு என்ற வரிசை இரண்டுக்கும் பொருந்தும். ஆலயப் பொறுப்பாளர்கள், கொலு பொம்மை வைத்திருப்பவர்கள், பொழுதுபோக்காகப் பூசுபவர்கள் ஆகிய மூவருக்கும் பயன்படும்படி அந்த வரிசை இங்கே தொகுக்கப்பட்டுள்ளது.

முதல் விதி: மெல்லிய பூச்சு

ஒரு முறை தூரிகையால் பூசிக் காய்ந்த சாயம் சுமார் 0.05 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனால் ஆண்டுத் திருவிழாவுக்கு முன் "கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று பழைய சாயத்தின் மேலேயே ஒரு கை பூசுவது பல இடங்களில் வழக்கம். 60 ஆண்டுகளில் 60 பூச்சு என்றால் 3 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். கண் இமையின் கோடு, மீசையின் இழை, கழுத்து மணிமாலை, அரிவாள் பிடியின் கயிறு எல்லாம் அந்த 3 மில்லிமீட்டருக்குள் புதைந்துவிடும். முகம் மொழுக்கென்று ஆகிவிடும். ஸ்தபதி கையால் எழுதிய முகத்தை அடுத்த தலைமுறை பார்க்கவே முடியாது.

சிறு உருவத்தில் இதே கணக்கு இன்னும் கடுமையானது. போர் விளையாட்டு வீரன் சுமார் 28 மில்லிமீட்டர் உயரம். ஆள் உயரத்தில் 60இல் ஒரு பங்கு. அவன் மேல் பூசும் ஒரே ஒரு 0.05 மில்லிமீட்டர் பூச்சு, ஆள் உயரச் சிலையில் 3 மில்லிமீட்டருக்குச் சமம். தோட்டத்துச் சிலை 60 ஆண்டில் இழப்பதை இந்தச் சிறு வீரன் ஒரே தடித்த பூச்சில் இழந்துவிடுகிறான். அதனால்தான் சிறு உருவம் பூசுபவர்கள் புட்டிச் சாயத்தை அப்படியே எடுக்காமல் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கோயில் வேலையும் கடன் வாங்கலாம்.

வரலாற்றுச் சுருக்கம்

கெடாவுக்குச் சுதை உருவங்கள் தோட்டங்களோடு வந்தவை அல்ல. யான் மாவட்டத்தில் உள்ள புக்கிட் சோராஸ் குன்றில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2023, 2024ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் சுதையால் செய்த உருவங்கள் கிடைத்தன. தியானத்தில் அமர்ந்த புத்தர் உருவமும் அவற்றில் உண்டு. அந்தப் பௌத்தத் தலம் சுமார் 1,200 ஆண்டுகள் பழமையானது என்று கணிக்கப்பட்டுள்ளது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பிடும் பகுதியில், பூஜாங் பள்ளத்தாக்கை ஒட்டிய நிலத்தில், கல்லும் செங்கல்லும் சுதையும் கொண்டு உருவம் செய்யும் கை அப்போதே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சுதை வேலை கோபுரங்களோடு வளர்ந்தது. நீற்றிய சுண்ணாம்பையும் சலித்த மணலையும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பதப்படுத்துவது பழைய முறை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. கல், உலோகம், மரம் ஆகியவற்றுடன் சுதையும் அங்கே தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் வேளார் குடும்பங்கள் ஐயனாருக்குச் சுடுமண் குதிரைகள் செய்து தருகின்றன. வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்கு வைக்கும் மண் பொம்மைகள் பண்ருட்டி, மதுரை விளாச்சேரி போன்ற ஊர்களிலிருந்து வருகின்றன.

மேசைப் போர் விளையாட்டுக்கு வேறு வரலாறு. ஐரோப்பாவில் தகரம், ஈயம் ஆகியவற்றில் வார்த்த படைவீரர் பொம்மைகள் நெடுங்காலமாக உண்டு. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் அந்தப் பொம்மைகளைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். லண்டனில் 1975இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வார்ஹாமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்தது. பூதம், குள்ளர், மந்திரவாதி, குதிரை வீரர் என்று அதில் வரும் ஒவ்வோர் உருவத்தையும் வாங்குபவரே ஒட்டி, சாயம் பூசி, முடிக்க வேண்டும். 1987 முதல் அந்த நிறுவனம் சாயம் பூசுவதற்கென்றே போட்டியும் நடத்திவருகிறது. விளையாடாமல் பூசுவதை மட்டுமே கலையாகக் கொண்டவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

உடல் எது என்று முதலில் பார்க்க வேண்டும்

ஒரே சாயம் எல்லாப் பொருளிலும் பிடிக்காது. வேலை தொடங்கும் முன் உருவம் எதனால் ஆனது என்பதை அறிய வேண்டும்.

சிமெண்டுச் சிலை: புதிய சிமெண்டு மிகுந்த காரத்தன்மை கொண்டது. அதன் மேல் உடனே எண்ணெய் அடிப்படையிலான எனாமல் பூசினால் காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். சாயம் பிசுபிசுத்து உரியும். குறைந்தது 28 நாள் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் பூசிய பிறகே நிறம் போட வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுதை: இது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் பொருள். இதன் மேல் மூச்சு விடாத பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தைப் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் சுதையை உப்பச் செய்து பெயர்த்துவிடும். வெடிப்பைச் சிமெண்டால் அடைப்பதும் தவறு. சிமெண்டு சுண்ணாம்பைவிடக் கடினமானது என்பதால், வெயிலில் விரியும்போது பக்கத்துச் சுதையை உடைக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருத்தம்.

கொலு மண் பொம்மை: சுடாத மண்ணில் செய்த பொம்மையைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கரைந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

பிளாஸ்டிக், பிசின் சிறு உருவம்: அச்சிலிருந்து எளிதாகக் கழல வார்ப்பில் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சுக் கோடுகளைக் கத்தியின் முனையால் சுரண்டி எடுக்க வேண்டும்.

பழைய உலோகச் சிறு உருவம்: 1990களுக்கு முன் வார்த்தவற்றில் ஈயம் கலந்திருக்கும். குழந்தைகள் வாயில் வைக்காதபடி பாதுகாக்க வேண்டும்.

பழைய சாயத்தை எடுக்கும்போது ஆபத்து

இந்த வேலையில் உடலுக்குத் தீங்கு செய்யும் கட்டம் இதுதான். பழைய எனாமல் சாயங்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறமி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கோயில் சிலைகளில் அதிகம் பயன்படுவதும் இந்த நிறங்களே. சாயம் சிலையில் ஒட்டியிருக்கும்வரை தொல்லை குறைவு. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கும்போதும் தீயால் சுடும்போதும் அது தூளாகவும் புகையாகவும் காற்றில் கலக்கிறது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கும். சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பரிந்துரைக்கும் அளவு. தோட்டக் கோயில்களில் திருப்பணி என்றால் குடும்பமாக வந்து கை கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் பழைய சாயம் சுரண்டும் நாளில் மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடக் கூடாது.

பாதுகாப்பான முறை இது. சிலையைச் சுற்றித் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்ட வேண்டும். நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம், கையுறை, பழைய உடை ஆகியவை தேவை. துணி முகக்கவசம் போதாது. வேலை முடிந்ததும் விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கால்வாயிலோ செடி மண்ணிலோ கொட்டக் கூடாது. கை கழுவாமல் சாப்பிடவோ புகைக்கவோ கூடாது. வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சாயத்தை முழுவதும் எடுக்கத் தேவையில்லை. உரிந்தவற்றையும் கண், மீசை, நகை போன்ற நுண்வேலை மறைந்த இடங்களையும் மட்டும் கவனமாகத் திறந்தால் போதும். சுரண்டும்போது கீழே இருக்கும் முதல் நிறம் தெரியவந்தால் அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். சிலை முதலில் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

சிறு பிளாஸ்டிக் உருவத்தில் தவறாகப் பூசிய சாயத்தை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். அசிட்டோன் உள்ள நகச்சாய நீக்கி பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

வேலைக்கு முன் ஆலயத்தில் செய்ய வேண்டியது

பிரதிஷ்டை செய்த சிலையில் உளியோ தூரிகையோ வைக்கும் முன் பாலாலயம் செய்வது ஆகம வழக்கம். தெய்வ சக்தியைக் கும்பத்துக்கோ படத்துக்கோ மாற்றி வைத்து அங்கே பூசையைத் தொடர்வார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் கும்பாபிஷேகத் திருப்பணியின் முதல் படி அதுதான். ஆகமப் பூசை இல்லாத காவல் தெய்வக் கோயில்களில் பூசாரியின் வழக்கப்படி உத்தரவு கேட்பார்கள். வேலை முடியும்வரை அசைவம் தவிர்ப்பதும் பல இடங்களில் உண்டு.

பழைமையான கட்டடம் என்றால் சட்டமும் பார்க்க வேண்டும். பத்துமலையின் 272 படிகளுக்கு 2018இல் வண்ணம் பூசியபோது, முன் அனுமதி பெறவில்லை என்று தேசியப் பாரம்பரியத் துறை 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தைச் சுட்டிக் கேள்வி எழுப்பியது. அழகாக இருந்தாலும் அனுமதி அனுமதிதான்.

அடிச்சாயம்

பிரைமர் என்பது உடலுக்கும் நிறத்துக்கும் இடையே பசை போன்றது. ஆள் உயரச் சிலையின் பரப்பு, ஆடை, பீடம் எல்லாம் சேர்த்து சுமார் 3 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் பிரைமர் சமமான பரப்பில் சுமார் 10 சதுர மீட்டர் பிடிக்கும். ஆகவே இரண்டு பூச்சுக்கும் ஒரு லிட்டர் போதும். அதற்கு மேல் செலவானால் தடிமனாகப் போகிறது என்று பொருள்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். வெளிச்சிலை வேலையை ஆண்டின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு முன் நன்றாகக் காய்ந்துவிடும். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவசரமாகப் பூசும் சாயமே பெரும்பாலும் முதலில் உரிகிறது. மழை பெய்த மறுநாளும் பூசக் கூடாது. மேல் காய்ந்து தெரிந்தாலும் சிமெண்டின் உள்ளே ஈரம் இருக்கும்.

சிறு உருவத்துக்குத் தெளிப்புப் புட்டி பிரைமர் வசதி. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த மாலையிலோ மழை நேரத்திலோ தெளித்தால் மேற்பரப்பு மாவு படிந்தது போல் சொரசொரப்பாகிவிடும். காலை 10 மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, நிழலான திறந்த இடத்தில் தெளிப்பது நல்லது. கறுப்பு பிரைமர் முழுவதும் தெளித்து, பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை தெளிக்கும் முறை ஒன்று உண்டு. உச்சி வெயில் விழும் இடம் எது, நிழல் எது என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

எந்தச் சாயம்?

வெளிச்சிலைக்கு எனாமல் பளபளப்பாக இருக்கும். தொடக்கத்தில் கண்ணைக் கவரும். ஆனால் வெயிலில் காலப்போக்கில் மஞ்சளித்து, இறுகி, வெடிக்கும். வெளிச்சுவருக்கான தரமான அக்ரிலிக் சாயம் பளபளப்பு குறைவு. ஆனாலும் வெயிலோடு சேர்ந்து நெகிழ்வதால் நீண்ட நாள் நிற்கும். நாற்றமும் குறைவு. தண்ணீரிலேயே தூரிகையைக் கழுவலாம். புட்டியில் ஈயம் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நிறமியும் முக்கியம். காவி, செம்மண் நிறம் போன்ற இரும்பு ஆக்ஸைடு நிறங்கள் வெயிலில் எளிதில் வெளுக்காது. பளிச்சென்ற இளஞ்சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் முதலில் வெளுக்கும். தங்க நிறத்தில் இரண்டு வகை உண்டு. செம்புத்தூள் கலந்தது காற்று பட்டுக் கறுத்துப் பச்சையாகும். அபிரகத்தூள் கலந்தது நிறம் மாறாமல் இருக்கும். பத்துமலையில் 2006 ஜனவரியில் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலைக்குத் தாய்லாந்திலிருந்து வரவழைத்த 300 லிட்டர் தங்கச் சாயம் பூசப்பட்டதாகச் செய்திகள் கூறின. தங்க நிறம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சிறு உருவங்களுக்கென்று இங்கிலாந்தின் சிட்டடெல், ஸ்பெயினின் வல்லேஹோ, ஜப்பானின் தமியா ஆகியவை சிறு புட்டிகளில் சாயம் விற்கின்றன. நிறமி மிக நுண்ணியதாக அரைக்கப்பட்டிருப்பதே அவற்றின் சிறப்பு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பழுப்பு, ஓர் உலோக நிறம் என்று ஏழு புட்டியோடு தொடங்கினால் மற்றவற்றைக் கலந்து கொள்ளலாம். நம் வெப்பத்தில் தட்டில் ஊற்றிய சாயம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த பஞ்சுத் துணியை வைத்து, அதன் மேல் கேக் சுடும் தாளை விரித்து, சாயத்தை அந்தத் தாளில் வைத்தால் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும்.

நிறங்களின் வழக்கு

சிற்ப மரபில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு, நீலம் ஆகியவை அடிப்படை. மற்றவை கலப்பு. திருமால், இராமர், கண்ணன் நீலம். காளி கறுப்பு அல்லது கருநீலம். மதுரை வீரனின் குதிரை பெரும்பாலும் வெள்ளை. முனியாண்டிக்கும் மற்றக் காவல் தெய்வங்களுக்கும் நிறம் கோயிலுக்குக் கோயில் மாறும். அந்தக் கோயிலின் பழைய படத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கடையில் இருக்கும் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது முறையல்ல. பக்கத்து ஊர்க் கோயிலைப் பார்த்து மாற்றினால், தாத்தா பாட்டி கும்பிட்ட முகம் வேறாகிவிடும்.

கற்பனைப் போர் உருவங்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பூதத்துக்குப் பச்சைதான் என்பது வெறும் பழக்கம். இருந்தாலும் ஒரு படையின் எல்லா வீரர்களுக்கும் மூன்று நிறங்களை முடிவு செய்து, அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் மேசையில் ஒரே படையாகத் தெரியும்.

நிழலும் ஒளியும்

பெரிய சிலைக்கு வெயிலே நிழல் தரும். மூக்கின் கீழும் தாடையின் கீழும் இயல்பாகவே இருள் விழும். 28 மில்லிமீட்டர் வீரனின் மூக்கு மிகச் சிறியது என்பதால் அதன் நிழல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நிழலைச் சாயத்தால் பூசிக் காட்ட வேண்டியிருக்கிறது. மூன்று முறைகள் பொதுவானவை.

கழுவல்: கறுப்பு அல்லது பழுப்புச் சாயத்தை நிறைய நீர் சேர்த்து மேலே ஓடவிடுவது. அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். மேட்டில் தேங்கினால் உடனே தூரிகையால் உறிஞ்ச வேண்டும்.

உலர்தூரிகை: தூரிகையில் சாயம் எடுத்து, ஏறக்குறைய முழுவதையும் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் லேசாகத் தடவுவது. மீசை, தலைமுடி, குதிரைப் பிடரி, சங்கிலி ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். கோயில் சிலையின் மீசையையும் இப்படிச் செய்தால் ஒட்டுத் தார் பூசியது போல் இல்லாமல் முடி முடியாகத் தெரியும்.

அடுக்கு: இருண்ட நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிது வெளிச்சமாக்கி, சிறிது பரப்பைக் குறைத்துக்கொண்டே போவது. ஆடை மடிப்புகள் இப்படித்தான் எழும்பித் தெரிகின்றன.

கோயில் சிலைக்கு இவற்றில் சிறிதளவே தேவை. மண்டபத்துக்குள், நேர் வெயில் படாமல் இருக்கும் சிலைக்குச் சற்று அதிகம் தேவைப்படும்.

கண்

கண் எழுதுவதில் இரண்டு மரபும் எதிர்த்திசையில் போகின்றன. சிறு உருவத்தில் பலர் கண்ணை முதலில் எழுதுகிறார்கள். தவறினால் சுற்றியுள்ள தோல் நிறத்தைக் கொண்டு திருத்தலாம் என்பது காரணம். தெய்வச் சிலையில் கண் கடைசி. கண் திறப்பு ஒரு சடங்கு. நல்ல நேரம் பார்த்து, பொன் ஊசியாலோ தூரிகையாலோ ஸ்தபதி கண்ணைத் திறப்பார். அதுவரை அது வேலைப்பொருள். அதன் பிறகே தெய்வம். ஆண்டுப் பராமரிப்பில் மற்ற இடங்களை யார் தொட்டாலும் கண்ணை மட்டும் கற்றவர் கையில் விடுவது இதனால்தான்.

நுட்பமாகச் சில குறிப்புகள். கண்ணின் வெள்ளையில் தூய வெள்ளை வேண்டாம். சிறிது பழுப்பு கலந்தால் உயிருள்ளதாகத் தெரியும். மேல் இமைக் கோடு கீழ்க் கோட்டைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். காவல் தெய்வத்தின் விழி வெண்படலத்தின் நடுவில் முழு வட்டமாக நின்றால் உக்கிரம். மேல் இமை விழியைச் சிறிது மறைத்தால் சாந்தம். உயரமான பீடத்தில் இருக்கும் சிலையின் விழி சற்றுக் கீழ் நோக்கி இருந்தால்தான் கும்பிடுபவரைப் பார்ப்பதாக இருக்கும். சிறு உருவத்தில் இரு கண்ணும் ஒரே பக்கம் பார்க்க, விழியைப் புள்ளியாக வைக்காமல் மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடாக இழுக்கலாம்.

மேற்பூச்சு

கையில் எடுத்து விளையாடும் உருவத்துக்கு வார்னிஷ் கட்டாயம். முதலில் பளபளப்பான வார்னிஷ் பாதுகாப்புக்கு, அதன் மேல் மங்கலான வார்னிஷ் தோற்றத்துக்கு என்று இரண்டு பூச்சு பூசுபவர்கள் உண்டு. ஈரமான காற்றில் தெளித்தால் வார்னிஷ் பனி படர்ந்தது போல் வெளுத்துவிடும். பல வார உழைப்பு ஒரு நொடியில் போகும். கொலு பொம்மைக்கும் மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சு நல்லது. அலமாரியில் தாளில் சுற்றி வைக்கும்போது சாயம் ஒட்டாமல் இருக்கும்.

வெளிச்சிலைக்குச் சாதாரண வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அது தோல் தோலாக உரியும்போது கீழுள்ள நிறத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஆலய நிர்வாகம் எழுதி வாங்க வேண்டியவை

ஸ்தபதிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து குறித்த காலத்துக்கு வந்து, வேலை முடித்துத் திரும்புகிறார்கள். அவர்கள் போன பிறகு என்ன பூசினார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே சிலவற்றை எழுத்தில் வைக்க வேண்டும்.

பழைய சாயத்தை எடுப்பது வேலையில் சேருமா, எந்த முறையில் எடுப்பார்கள். பிரைமரின் பெயரும் வகையும். எத்தனை பூச்சு, இடையில் எத்தனை நாள். ஈயம் இல்லாத சாயம் என்ற உறுதி. ஒவ்வொரு நிறத்தின் கடை எண். வேலைக்கு முன், அடிச்சாயத்துக்குப் பின், முடிந்த பின் என்று மூன்று கட்டப் படங்கள். எத்தனை மாதத்துக்குள் உரிந்தால் யார் சரிசெய்வது.

தோட்டம் துண்டாடப்பட்டு, கோயில் இடம் மாறிய ஊர்களில் இந்தப் படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. சிலையைப் பெயர்க்கும்போது உடைந்தால், எந்த முகத்தைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

ஆண்டுப் பராமரிப்பு

இரண்டு கும்பாபிஷேகங்களுக்கு இடையிலான 12 ஆண்டுகளில் சிலைக்கு முழுப் பூச்சு தேவையில்லை. சூடப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்த கரியை, மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பழைய நிறமே திரும்ப வரும். மங்கிவிட்டது என்று நினைத்த சிலைகளில் பல வெறும் கரி படிந்தவையே. எலுமிச்சை மாலையை நாள்கணக்கில் சிலை மேல் விடக் கூடாது. அதன் புளிப்பு சுண்ணாம்பையும் அரிவாள் இரும்பையும் அரிக்கும். பட்டுத் துணியை மழைக்குப் பிறகு கழற்றி உலர்த்த வேண்டும். துணிக்குள் தங்கும் ஈரத்தில்தான் பாசி பிடிக்கத் தொடங்குகிறது.

உரிந்த இடம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரமாகத் தேய்த்து, பிரைமர் தொட்டு, அதே நிறத்தைச் சிறு தூரிகையால் மெல்லியதாக இரண்டு முறை வைக்க வேண்டும். இந்தச் சிறு திருத்தத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. 28 மில்லிமீட்டர் வீரனின் வாள் பிடியில் கை நடுங்காமல் நிறம் வைக்கத் தெரிந்த பிள்ளை ஊரில் இருந்தால், நிர்வாகமும் பூசாரியும் சம்மதித்து, மூத்தவர் ஒருவர் அருகில் நிற்க, அந்தப் பிள்ளையே செய்துவிடலாம். ஒவ்வொரு நிறத்திலும் சிறிதளவை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நிறத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் ஒட்டி, ஆலய அலமாரியில் வைத்திருந்தால் போதும்.